சுவாமி கத்திய சொல்

கஃபேயில் இருந்த எல்லோரும் மேலே பார்த்தார்கள். குஞ்சியப்பா மட்டும் கீழே பார்த்தார். அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அந்தக் காட்சிதான். பாரிசில் ரூ லூயி-பிளாங்க் தெருவில், ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடைக்கும் ஒரு தொலைபேசிக் கடைக்கும் இடையில் உள்ள சின்னக் கஃபே. முதலாளி அல்ஜீரியாக்காரர். மூலையில், கூரையை ஒட்டினாற்போல் ஒரு தொலைக்காட்சி. பிரான்சின் ஆட்டம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பந்து வலைக்குள் போனதும் கடை முழுவதும் ஒரே குரலாகக் கத்தியது. கதிரைகள் பின்னால் இழுபட்டன. தொலைபேசிக் கடைப் பெடியன்கள் இரண்டு பேர், முன்பின் தெரியாத ஒரு லொறிச் சாரதியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எண்பது வயதை எட்டியிருந்த குஞ்சியப்பா கையிலிருந்த கோப்பியை மேசையில் வைத்தார். குனிந்து தன் கால்களைப் பார்த்தார். மழைக்காக மகள் வாங்கிக் கொடுத்த கறுப்புச் சப்பாத்து. வலது காலைச் சற்றுத் தூக்கி அதன் அடியையும் பார்த்தார்.

குஞ்சியப்பா என்றால் எங்கள் பக்கத்தில் அம்மாவின் தங்கையின் கணவர். யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவர். சின்னம்மா போன பிறகு மகளோடு இருக்கப் பாரிசுக்கு வந்தார். அன்று நாங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பகுதிக்குப் போனது, ஓகஸ்ட் மாதத்தில் லூர்து மாதா கோயிலுக்குப் போகும் தமிழர்களின் பஸ்ஸில் அவருக்கும் மகளுக்கும் இடம் பதிய. பயண முகவரின் கடையை விட்டு வெளியே வந்ததும் மழை பிடித்தது, ஒதுங்கினோம். உள்ளே ஆட்டம் ஓடுகிறது என்று தெரிந்திருந்தால் அவர் நனைந்துகொண்டே கார் து நோர் ரயில் நிலையம் வரைக்கும் நடந்திருப்பார். உதைபந்தாட்டம் அவர் பார்ப்பதில்லை. வீட்டில் செய்தி முடிந்து விளையாட்டுத் தொடங்கினால் எழுந்து குசினிக்குப் போய்விடுவார். கஃபேயிலும் தொலைக்காட்சிக்கு முதுகு காட்டும் கதிரையைத்தான் தேடி இருந்தார்.

ஏன் பார்ப்பதில்லை என்பது ஊருக்கே தெரிந்த கதை. அவருடைய பட்டப்பெயர் பூட். கந்தோரில் அவர் பூட் கிளாக்கர், எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பூட் குஞ்சியப்பா. கலியாணத்தன்று யாரோ ஒருவர் வண்ணத்தாள் சுற்றி ஒரு சோடி பூட்ஸ் பரிசாகக் கொடுத்ததாகவும், அவர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு அளவு சரியாக இருக்கிறது என்று நன்றி சொன்னதாகவும் அம்மா சொல்வார். பட்டப்பெயரின் காரணம் எனக்குத் தெரியவந்தது அதே கல்லூரியில் நான் படிக்கப் போனபோதுதான். பிறகு பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், அந்த ஆட்டத்தை நேரில் பார்த்த பலரிடம் விசாரித்திருக்கிறேன். எழுதுவதற்கு அல்ல, தொழில் பழக்கம். காற்று எந்தப் பக்கம் வீசியது, யார் பந்து கொடுத்தது என்பதிலெல்லாம் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஒன்றில் மட்டும் எல்லோருக்கும் ஒரே சாட்சியம். கோல் போஸ்ட்டுக்கு முன்னால் அவன் ஒற்றைக்காலில் நின்று, முள்ளுத் தைத்தவன் போல உள்ளங்காலைப் பார்த்தான்.

கல்லூரி என்று நான் சொல்வது பள்ளிக்கூடத்தைத்தான். யாழ்ப்பாணத்தில் பெரிய பள்ளிக்கூடங்களை அப்படித்தான் அழைப்போம். ஐம்பதுகளின் நடுப்பகுதி. கடைசி வகுப்புகளில் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெடியன்கள் இருந்தார்கள். அணியில் பாதிப் பேருக்கு மீசை இருந்தது. விடுதியில் இருந்தவர்கள்தான் பெரும்பாலும் ஆடினார்கள். அவர்களைப் பயிற்றியவர் ஒரு பிரெஞ்சுச் சுவாமி, கத்தோலிக்கக் குரு. தமிழை இலக்கணப் புத்தகத்திலிருந்து கற்றவர் என்பதால் மைதானத்திலும் எழுத்துத் தமிழில்தான் கத்துவார். வெள்ளை அங்கியின் விளிம்பைத் தூக்கி இடுப்புப் பட்டியில் செருகிக்கொண்டு, “பந்தை நோக்குங்கள், ஆளை நோக்காதீர்கள்” என்று கரையோரம் ஓடுவார். பெடியன்களை நீங்கள் என்றுதான் அழைப்பார். ஒருமுறை பின்வரிசையில் நின்றவன் பந்தைக் கோட்டைவிட்டபோது, “அன்பரே, தாங்கள் உறங்குகிறீர்களா?” என்று கேட்டாராம். அது விடுதியில் வருடம் முழுவதும் ஓடியது. சாப்பாட்டு மேசையில் சம்பல் கோப்பையைத் தள்ள மறந்தவனிடமும் அன்பரே, தாங்கள் உறங்குகிறீர்களா என்றார்கள். சுவாமி பெடியன்களோடு தமிழும் மற்றச் சுவாமிமாரோடு ஆங்கிலமும் பேசுவார், பூசை லத்தீனில். அவர் பிரெஞ்சு பேசி ஒரு பெடியனும் கேட்டதில்லை.

அந்த வருடத்து ஆட்டங்கள் தொடங்குமுன் கொழும்பிலிருந்து ஒரு கழகம் சிநேகபூர்வ ஆட்டத்துக்கு வந்திருந்தது. வந்தவர்கள் அடியில் குமிழ் வைத்த தோல் பூட்ஸ் போட்டிருந்தார்கள். எங்களவர்கள் எல்லோரும் வெறுங்கால். இடைவேளைக்கு முன்னரே எங்கள் பக்கத்துப் பையன் ஒருவனுடைய கணுக்காலுக்கு மேலே தோல் பிளந்து, சைக்கிள் கரியரில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதோடு எல்லாக் கல்லூரி விளையாட்டு ஆசிரியர்களும் கூடி ஒரு முடிவு எடுத்தார்கள்: இந்த வருடத்துப் போட்டிகளில் எவரும் காலில் எதுவும் அணியக்கூடாது, அணிந்தால் அந்த ஆட்டம் எதிர்ப்பக்கத்துக்கு. ஆகவே அந்த சீசன் முழுவதும் பூட்ஸ் என்ற சொல்லுக்கு ஒரு கனம் இருந்தது. ஆட்டம் தொடங்குமுன் நடுவர் வரிசையாக எல்லோருடைய கால்களையும் பார்த்துக்கொண்டு போவார். பார்வையாளர்கள் அதற்கும் கைதட்டுவார்கள்.

இறுதி ஆட்டம் வரை எங்கள் அணி ஒன்றிலும் தோற்கவில்லை. அதற்குக் காரணம் இருவர் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒருவர் நடுவில் ஆடிய கப்டன். உயரம், அகலமான நெற்றி. அந்தக் காலத்துத் தோல் பந்துக்கு வாயில் நாடா கட்டியிருக்கும். மழையில் ஊறினால் கல்லுப்போல் ஆகும் அந்தப் பந்தை அவர் தலையால்தான் அடிப்பார். ஆட்டம் முடியும்போது நெற்றியில் நாடாவின் தடம் சிவப்பாகப் பதிந்திருக்கும். அதைக் கழுவாமல் விடுதிக்கு வருவாராம். மற்றவர் வலது விங்கில் ஆடிய குஞ்சியப்பா. மெலிந்த ஆள். சோளகக் காற்றுக்கு எதிராக ஓடினாலும் வேகம் குறையாது என்றார்கள். கப்டன் பந்தைப் பார்க்காமலே வலப்பக்கம் தள்ளுவார், குஞ்சியப்பா அங்கே இருப்பார். இருவரும் விடுதியில் அடுத்தடுத்த கட்டில்கள். அந்த வருடத்தில் அவர்களைத் தனித்தனியாகக் கண்டவர்கள் குறைவு.

இறுதி ஆட்டம் யாழ்ப்பாண முற்றவெளி மைதானத்தில் நடந்தது. ஆளுக்கொரு கோல் என்ற நிலை, முடிய இன்னும் சில நிமிடங்கள். குஞ்சியப்பா வலது கரையிலிருந்து உள்ளே வெட்டி வந்து அடித்தார். எதிர்ப்பக்கத்துக் கோல்கீப்பர் பாய்ந்து விழுந்து பந்தைக் கட்டிப்பிடித்தார். விழுந்தது கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பது பெடியன்களின் கால்கள் மறைத்ததால் ஒருவருக்கும் தெரியவில்லை. நடுவர் மைதானத்தின் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கோல் போஸ்ட்டுக்கு நேர் பின்னால் நின்றவர் பிரெஞ்சுச் சுவாமி ஒருவர்தான். அவர் இரண்டு கையையும் மேலே எறிந்து ஏதோ கத்தினார்.

வழக்கத்தில் அந்த இடத்தில் ஆட்டக்காரன் என்ன செய்வான் என்பது எவருக்கும் தெரியும். கையைத் தூக்கி நடுவரைப் பார்த்துக் கோல் கேட்பான். அவனைப் பார்த்து மற்றவர்களும் கேட்பார்கள். நடுவர் ஓடி வந்து பார்ப்பார். குஞ்சியப்பா கேட்கவில்லை. வலது காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார். பந்தை அடித்தவனே பேசாமல் நிற்பதைக் கண்டு முன்வரிசையில் மற்றவர்களும் நின்றுவிட்டார்கள். கோல்கீப்பர் எழுந்து பந்தை நடுவுக்கு எறிந்தார், எதிர்ப்பக்கத்தார் அதை எங்கள் பக்கத்துக்குக் கொண்டுபோய் வலைக்குள் அடித்தார்கள். சிறிது நேரத்தில் கடைசி விசில் ஊதியது.

மறுநாள் அதிபர் சுவாமியின் அறையில் விசாரணை. ஏன் நின்றாய் என்று கேட்டார்கள். “சுவாமி பூட், பூட் எண்டு கத்தினவர்” என்றார் குஞ்சியப்பா. பிரெஞ்சுச் சுவாமியிடம், நீங்கள் பூட்ஸ் என்று கத்தினீர்களா என்று கேட்டார்கள். அவர் யோசித்துவிட்டு, “அப்படியொரு சொல் என் வாயிலிருந்து வரவில்லை” என்றார். பொய் சொல்கிறவர் அல்ல என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. நடுவரின் தீர்ப்பைப் பற்றி அன்றும் பிறகும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நடுவர் சொன்னதே முடிவு என்று பெடியன்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். கப்டனைக் கேட்டார்கள். தனக்கு எதுவும் கேட்கவில்லை, ஆனால் சுவாமி அப்படிக் கத்தியிருக்க மாட்டார் என்றார் கப்டன். கடைசியாக அதிபர் குஞ்சியப்பாவிடம், சரி, பூட்ஸ் என்று கத்தினாலும் உனக்கென்ன, நீ வெறுங்காலோடுதானே நின்றாய் என்றார். குஞ்சியப்பா குனிந்து தன் கால்களைப் பார்த்தார்.

அத்தோடு விசாரணை முடிந்தது. தோற்றதற்காக ஒருவரும் அவரைக் கோபிக்கவில்லை. கால் மரத்துப்போய்விட்டது, பயந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் மறந்திருப்பார்கள். பொய் சொன்னதும், அதையும் ஒரு சுவாமியின் தலையில் போட்டதும்தான் மன்னிக்க முடியாததாக இருந்தது. அவரை அதிகம் வெறுத்தவர் கப்டன். கட்டிலை மாற்றித் தரும்படி கேட்டார். பூட் என்ற பெயரை முதலில் வைத்ததும் அவர்தான் என்பார்கள். எதிர்க் கல்லூரிப் பெடியன்கள் அதையும் மாற்றி, சுவாமி பூட்டு பூட்டு என்றுதான் கத்தினவர், கோலைப் பூட்டச் சொன்னவர் என்று பாட்டுக் கட்டினார்கள். அடுத்த வருடம் பிரெஞ்சுச் சுவாமி மன்னார்ப் பக்கத்துப் பங்கு ஒன்றுக்கு மாற்றலாகிப் போனார். அங்கேயே இறந்தார்.

பத்திரிகைக்காரனாக இந்தக் கதையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் இரண்டு இடங்கள் எனக்கு இடறிக்கொண்டே இருந்தன. பொய் சொல்ல நினைக்கும் ஒரு பெடியன் ஏன் இப்படி ஒரு உதவாத பொய்யைச் சொன்னான் என்பது ஒன்று. சுவாமியிடம் பூட்ஸ் என்று கத்தினீர்களா என்று கேட்டவர்கள், அப்படியானால் என்ன கத்தினீர்கள் என்று ஏன் கேட்கவில்லை என்பது மற்றது. இதைக் குஞ்சியப்பாவிடம் நான் கேட்டதில்லை. அவர் முன்னால் அந்தப் பேச்சை எடுப்பவர் யாரும் இல்லை, கப்டனைத் தவிர. கப்டன் ஆசிரியராகி, அதிபராகி, கடைசியில் அவரும் பிள்ளைகளோடு இருக்கப் பிரான்சுக்கு வந்து பாரிசின் புறநகரான பியர்ஃபித்-சூர்-செய்னில் இருந்தார். தமிழ்ப் பூசை முடிந்து கோயில் வாசலில் சனம் கூடி நிற்கும்போது, “என்னடா பூட், சுகமோ?” என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்பார். “இருக்கிறன் கப்டன்” என்பார் குஞ்சியப்பா. அதற்கு மேல் பேச்சு இருக்காது. ஆடிய பதினொரு பேரில் மிஞ்சியிருந்தவர்கள் அவர்கள் இருவர்தான்.

கஃபேயில் அவர் சப்பாத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது முகத்தில் நிறம் இல்லை. நான் பயந்துபோய்த் தண்ணீர் வேண்டுமா என்றேன்.

“இவங்கள் என்ன கத்தினவங்கள்?”

“கோல் விழுந்தது, குஞ்சியப்பா.”

“அது தெரியுது. என்ன சொல்லிக் கத்தினவங்கள்?”

பூட் என்றேன். பிரெஞ்சில் கோலுக்கு அதுதான் சொல் என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் வாயிலிருந்து வந்தது எனக்கே கேட்டது. எத்தனை வருடம் இந்த நகரத்தில் அந்தக் கூச்சலைக் கேட்டிருக்கிறேன்; எத்தனை வருடம் அவருடைய பட்டப்பெயரைக் கேட்டிருக்கிறேன். இரண்டையும் ஒருநாளும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

அவர் கதிரையைத் திருப்பித் தொலைக்காட்சியைப் பார்த்தார். கோல் விழுந்ததைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். திரைக்குக் குறுக்கே பெரிய மஞ்சள் எழுத்துகள் மூன்று: B, U, T. குஞ்சியப்பா ஆங்கிலத்தில் படித்தவர்.

“பட் எண்டெல்லோ கிடக்கு. ஆனால் எண்டு. என்ன ஆனால்?”

“எழுதுறது அப்பிடி. வாசிக்கிறது பூட்.”

“எப்ப துடக்கம்?”

எனக்கு விளங்கவில்லை. அவர் திரும்பவும் கேட்டார். இவர்கள் கோலை எப்போதிலிருந்து இப்படிச் சொல்கிறார்கள், புதுப் பழக்கமா, ஐம்பதுகளிலும் இப்படித்தான் சொன்னார்களா? கவுண்டருக்குப் பின்னால் நின்ற முதலாளியிடம் பிரெஞ்சில் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, தன் தகப்பன் காலத்திலும் அதுதான், தகப்பனின் தகப்பன் காலத்திலும் அதுதான் என்றார். மொழிபெயர்த்துச் சொன்னேன். குஞ்சியப்பா லூர்து பஸ்ஸின் பற்றுச்சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“பியர்ஃபித்துக்குப் போவம்.”

மழை விட்டபிறகு போகலாம் என்றேன். இல்லை, இப்பவே என்றார்.

கார் து நோரில் ஆர்.இ.ஆர். ‘டே’ ரயில் எடுத்தோம். வேலை முடிந்து போகும் சனம். ஒரு பெண் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தாள். நான் கம்பியைப் பிடித்தபடி அவர் முன்னால் நின்றேன். சென்-தெனி நிலையம் தாண்டியது. பிறகு, எனக்கு என்றுமே விளங்காத முதல் கேள்விக்கு அவராகவே பதில் சொன்னார்.

“நான் அண்டைக்கு வெறுங்காலோடை நிக்கேல்லை.”

அரையிறுதி ஆட்டத்தில் அவருடைய வலது கால் பெருவிரல் நகம் பாதி பிய்ந்துபோயிருந்தது. நிலத்தில் ஊன்ற முடியவில்லை. இறுதி ஆட்டத்தன்று மத்தியானம் விடுதியில் கப்டன் தன்னுடைய பழைய ரெனிஸ் சப்பாத்தின் நாக்கை வெட்டி எடுத்து, அந்தக் கன்வஸ் துண்டை விரலைச் சுற்றி மடித்து, தோல் நிறத்தில் இருந்த பிளாஸ்டரால் ஒட்டிக் கட்டிவிட்டார். கட்டியபின் மேலே புழுதி தேய்த்தார். நடுவர் கால்களைப் பார்த்துக்கொண்டு போனபோது அது தெரியவில்லை. ஆனால் ஓடிக்கொண்டிருந்த அந்த மணித்தியாலம் முழுவதும் குஞ்சியப்பாவுக்கு நினைப்பு அந்த விரலில்தான். பிளாஸ்டர் கழன்றுவிட்டதோ, யாராவது கண்டுவிட்டார்களோ என்று. அந்த நினைப்போடு அவர் பந்தை அடித்ததும் கோல் போஸ்ட்டுக்குப் பின்னாலிருந்து சுவாமி கத்தினார், பூட் என்று.

“கண்டுட்டார் எண்டு நினைச்சன். ஆட்டம் போச்சு எண்டு நினைச்சன். அதுதான் பாத்தனான், கன்வஸ் வெளியிலை தெரியுதோ எண்டு.”

அதிபர் கேட்டபோது இதை ஏன் சொல்லவில்லை என்றேன். சொன்னால் கட்டினது ஆர் என்று கேட்டிருப்பார்கள் என்றார். கப்டனுடைய தகப்பன் உயிரோடு இல்லை, வீட்டுக்கு மூத்தவர். ஆசிரிய கலாசாலைக்குச் சேரப் பிரெஞ்சுச் சுவாமி நற்சான்று எழுதிக் கொடுப்பதாக இருந்தது. விதியை மீறி ஆள் இறக்கினவன் என்றால் அவர் எழுதியிருக்க மாட்டார்.

“கப்டனுக்கு அது தெரியும்தானே?”

“ஓம். நான் அதைச் சொல்லேல்லை எண்டு அவனுக்குத் தெரியும். மற்றது பொய் எண்டு நினைச்சவன். சுவாமியிலை பழி போட்டனான் எண்டு. அதுதான் எனக்கு...” என்று நிறுத்தினார். யன்னலில் மழை கோடு கோடாக ஓடியது. “நான் பொய் சொல்லேல்லை எண்டு அவன் ஒருக்காச் சொல்லோணும். இனி வேறை ஆர் இருக்கினம் சொல்ல?”

கப்டன் மகனுடைய வீட்டில், யன்னலோரம் ஒரு சாய்கதிரையில் இருந்தார். அகன்ற நெற்றி அப்படியே இருந்தது. காதுதான் நன்றாக மந்தமாகிவிட்டது. மகனும் மருமகளும் வேலையால் வந்திருக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கும் பேத்தி கதவைத் திறந்துவிட்டுத் திரும்பவும் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினிக்கு முன்னால் போய் இருந்தாள். முன்னறிவித்தல் இல்லாமல் ஈரத்தோடு வந்து நிற்கும் குஞ்சியப்பாவைக் கண்டு கப்டன் சிரித்தார்.

“என்னடா பூட், மழைக்குப் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாய்.”

குஞ்சியப்பா இருக்கவில்லை. நின்றபடியே, கப்டனின் நல்ல காதுப் பக்கம் போய், கஃபேயில் நடந்ததைச் சொன்னார். கப்டன் முழுவதையும் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார், சம்மதமாக அல்ல.

“அறுபது வருஷம் யோசிச்சு நல்ல சாட்டுத்தான் பிடிச்சிருக்கிறாய். அப்ப சுவாமி பொய் சொன்னவரோ?”

“அவரும் சொல்லேல்லை. அவர் பூட்ஸ் எண்டு சொல்லேல்லைத்தானே. கோல் எண்டு சொன்னவர். தன்ரை பாஷையிலை.”

“சுவாமி எங்களோடை ஒருநாளும் பிரெஞ்சு கதைக்கேல்லை.”

“ஒருநாள் கதைச்சிட்டார்.”

கப்டனுக்கு அது பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. சுவாமியின் நற்சான்றோடு வாழ்க்கையைத் தொடங்கியவர். சுவாமியை ஒருவன் அவமதித்தான் என்பதும், அவனை அதற்காகத் தான் தள்ளி வைத்தேன் என்பதும் அவர் தன்னைப் பற்றி வைத்திருந்த கணக்கில் ஒரு பகுதி. யாரோ கஃபேக்காரன் கத்தினதை வைத்து இதையெல்லாம் மாற்ற முடியாது என்றார். பேத்தியைக் கூப்பிட்டு, அவள் முன்னால் எங்களை மடக்குவதுபோலக் கேட்டார்.

“பிள்ளை, நீங்கள் உங்கை கோலுக்கு என்ன சொல்லுவியள்?”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். கப்டனுக்குக் கேட்கவில்லை. காதுக்குப் பின்னால் கையை வைத்து, “என்ன?” என்றார். அவள் பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு எழுந்து வந்தாள். குனிந்து அவருடைய காதுக்குள், ஒரு மைதானத்தில் நின்று கத்துவதுபோலவே கத்தினாள்:

“பூட், அப்பப்பா! பூட்!”

கப்டன் கீழே பார்த்தார்.

கம்பளிக் காலுறையும் வீட்டுச் செருப்பும் போட்டிருந்த தன் இரண்டு கால்களையும் பார்த்தார். அவர் யோசித்துச் செய்தது அல்ல அது. தலை தானாகப் போனது. போனபிறகுதான், தான் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்தது. நிமிரவில்லை. பேத்தி என்னையும் குஞ்சியப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். தவறாக ஏதும் சொல்லிவிட்டேனோ என்று பிரெஞ்சில் என்னிடம் கேட்டாள். இல்லை என்றேன்.

அவள் தேத்தண்ணி வைக்கப் போனாள். குஞ்சியப்பா அப்போதுதான் சோபாவின் விளிம்பில் இருந்தார். கப்டன் நெற்றியை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தார், முன்பு நாடாவின் தடம் இருக்கும் இடத்தில்.

“நீயெண்டாலும் கோல் எண்டு கத்தியிருக்கலாமேடா.”

“கத்தியிருக்கலாம்.”

தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. கோப்பைகளை எடுத்து வைக்கும் சத்தமும்.

“நானும் கேட்டிருக்கலாம்” என்றார் கப்டன்.

காதால் கேட்பதற்கும் வாயால் கேட்பதற்கும் தமிழில் ஒரே சொல்தான். நடுவரிடம் கோல் கேட்பதற்கும் அதுவேதான். எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. பத்திரிகையில் இருந்த காலமாக இருந்தால் கேட்டிருப்பேன். குஞ்சியப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. சப்பாத்து நாடாவைப் பார்த்தபடி தலையை ஆட்டினார்.

தேத்தண்ணி பாதி குடித்தபின் கப்டன் கேட்டார், “அந்த நகம் பிறகு முளைச்சதோ?”

“முளைச்சது. கோணலா.”

“காட்டு.”

எண்பது வயதில் சப்பாத்தைக் கழற்றுவது எளிதல்ல. நான் உதவப் போனேன், கையைத் தட்டிவிட்டார். ஈரக் காலுறையை உருட்டி இழுத்து எடுத்தார். வலது காலைத் தூக்கித் தேத்தண்ணி மேசையின் விளிம்பில் வைத்தார். பெருவிரலில் நகம் ஒரு பக்கமாகத் தடித்து, மஞ்சளாக, ஓடுபோல வளைந்திருந்தது. கப்டன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முன்னால் சாய்ந்தார். இருவரும் அந்த விரலை வெகுநேரம் பார்த்தார்கள். பிளாஸ்டரை இன்னும் இறுக்கிக் கட்டியிருக்கவேணும் என்றார் கப்டன். குஞ்சியப்பா சிரித்தார். பிறகு கப்டனும் சிரித்தார். பேத்தி பிஸ்கட் தட்டோடு வந்து நின்று, மேசையில் கிடந்த காலைக் கண்டு மூக்கைச் சுளித்தாள்.

அதற்குப் பிறகும் கோயில் வாசலில் கப்டன் அவரைப் பூட் என்றுதான் கூப்பிட்டார். ஆனால் டகரத்தை முன்போலத் தட்டிச் சொல்லாமல், பேத்தியிடம் கேட்டுப் பழகியதுபோல உதட்டைக் குவித்துச் சொன்னார். சனத்துக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. குஞ்சியப்பா “இருக்கிறன் கப்டன்” என்று சொல்லிவிட்டு உடனே நகர்ந்துவிடுவதில்லை. ஒருநாள் மகள் காரில் காத்திருந்து ஹோர்ன் அடித்துக் களைத்துப்போய் இறங்கி வந்து பார்த்தாளாம். இருவரும் வாசல் படியில் குடையின் நுனியால் கோடு கீறி, பந்து எங்கே விழுந்தது என்று தர்க்கித்துக்கொண்டிருந்தார்களாம்.

குஞ்சியப்பா போன மாரியில் காலமானார். அடக்கம் முடிந்து சில கிழமைகளுக்குப் பிறகு கப்டனின் மகன் எனக்குத் தொலைபேசி எடுத்தார். அப்பா ஒரு கஃபேயைப் பற்றித் திருப்பித் திருப்பிக் கேட்கிறார், கூட்டிக்கொண்டு போக முடியுமா என்றார். ஆட்டம் இருக்கும் ஒரு நாள் பார்த்துப் போனோம். காதில் புதிய கருவி பொருத்தியிருந்தார். முதலாளி அதே ஆள், தொலைக்காட்சிதான் பெரிதாகியிருந்தது. அவன் எந்தக் கதிரையில் இருந்தவன் என்று கப்டன் கேட்டார். காட்டினேன். திரைக்கு முதுகு காட்டும் அந்தக் கதிரையிலேயே இருந்தார். திரும்பிப் பார்க்க வசதியாக வேறு இடம் இருக்கிறது என்றேன், வேண்டாம் என்றார். கோப்பி ஆறியது. கருவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

இடைவேளைக்குப் பிறகு ஒரு கோல் விழுந்தது. கடை முழுவதும் மேலே பார்த்து, ஒரே குரலாக அந்தச் சொல்லைக் கத்தியது. கப்டன் மேலேயும் பார்க்கவில்லை, கீழேயும் பார்க்கவில்லை. திரைக்கு முதுகு காட்டியபடியே, நேரே முன்னால் பார்த்துக்கொண்டு, நடுவரிடம் கோல் கேட்கும் ஆட்டக்காரனைப்போல இரண்டு கைகளையும் தூக்கினார். கூச்சல் அடங்கி எல்லோரும் திரும்பவும் இருந்தபிறகும் அவற்றை இறக்கவில்லை.